தங்கை கணவரின் நிறுவனம் டெண்டர் போடுகிறது, ஸ்பெசிபிகேஷன் எழுதியது நான். இப்போது என்ன செய்வது?

மேசைவிளக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஓர் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். எந்த நாடு, எந்தத் துறை என்று சொல்லாமல் விடுகிறேன், மன்னிக்கவும்.

தண்ணீர் ஏற்றும் பம்புகளை மூன்று வருடம் பராமரிக்க ஒரு டெண்டர். அதற்கான தொழில்நுட்ப விவரங்களை நான்கு மாதத்துக்கு முன்னால் நான்தான் எழுதினேன். போன வாரம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி காதில் விழுந்தது. என் தங்கையின் கணவர் ஒரு நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்திருக்கிறார், ஐந்தில் ஒரு பங்கு அவருடையது. மறுநாள் அலுவலகத்தில் டெண்டர் ஆவணம் வாங்கியவர்களின் பட்டியலைப் பார்த்தால், அதே நிறுவனத்தின் பெயர் மூன்றாவது வரியில் இருக்கிறது.

இன்னும் மூன்று வாரத்தில் உறைகளைத் திறப்பார்கள். மதிப்பீட்டுக் குழுவில் ஐந்து பேர், அதில் நான் ஒருவன்.

மேலதிகாரியிடம் வாய்மொழியாகச் சொன்னேன். "தங்கை வீட்டுக்காரர் உன் குடும்பம் என்று விதியில் எங்கே இருக்கிறது? முதலில் அவர்கள் டெண்டர் போடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போதே எழுதிக் கொடுத்தால் சந்தேகம் உன் மேல்தான் வரும்" என்றார். நல்ல மனிதர், என் நன்மைக்காகத்தான் சொல்கிறார். ஆனால் அன்றிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை. தங்கையும் தன் சேமிப்பு மொத்தத்தையும் அதில் போட்டிருக்கிறாள். நான் எழுதிக் கொடுத்து அவர்களை ஒதுக்கிவிட்டால்?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_தணிக்கையர் எழுதியது:

தம்பி, இன்றே எழுதிக் கொடுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

முப்பது வருடம் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கொள்முதல் கோப்பு கைக்கு வந்தால் முதலில் தேதிகளைத்தான் பார்ப்பேன். தொகையெல்லாம் அப்புறம். உறவு எப்போது தெரிந்தது, எப்போது எழுத்தில் வந்தது, இடையில் எத்தனை கையெழுத்து விழுந்தது. இந்த மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினாலே பாதிக் கதை தெரிந்துவிடும். உறைகளைத் திறப்பதற்கு மூன்று வாரம் முன்னால் எழுதியவரையும், புகார் வந்தபிறகு எழுதியவரையும் யாரும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நலன் முரண், அதாவது சொந்த நலனும் அலுவலகக் கடமையும் மோதுவது, குற்றம் இல்லை. அது ஒரு நிலைமை. மழை மாதிரி அது பாட்டுக்கு வரும், நீங்கள் வரவழைக்க வேண்டியதில்லை. தங்கை கணவர் எங்கே முதலீடு செய்கிறார் என்பதை நீங்கள் எப்படித் தடுக்க முடியும்? அந்த நிலைமையை மறைப்பதும், மறைத்துக்கொண்டு முடிவில் பங்கெடுப்பதும்தான் குற்றமாகிறது.

2003-இல் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு இதற்கு வெளியிட்ட வழிகாட்டுதல்களில் மூன்று வகை சொல்வார்கள்: உண்மையிலேயே இருக்கும் முரண், இருப்பது போல் தோன்றும் முரண், நாளைக்கு வரக்கூடிய முரண். உங்களுடையது இன்றைக்கு மூன்றாவது வகை. அவர்கள் உறையைப் பெட்டியில் போட்ட நிமிடத்தில் முதல் வகைக்கு வந்துவிடும். மூன்றாவதாக இருக்கும்போதே சொல்லிவிடுவது எல்லோருக்கும் எளிது.

உங்கள் மேலதிகாரி சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்க முடியாது. 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர் சொன்னதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. நாளைக்கு அவர் மாறுதலில் போய்விடுவார். கோப்பில் உங்கள் கையெழுத்து மட்டும் இருக்கும்.

செங்காந்தள் எழுதியது:

'குடும்பம்' என்ற சொல்லைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் வழுக்கி விழுவது அங்கேதான்.

மேலதிகாரி சொல்வது எழுத்தளவில் சரியாகவே இருக்கலாம். பல சட்டங்களில் குடும்பம் என்பது மிகச் சிறிய வட்டம். அமெரிக்காவின் குற்றவியல் சட்டத்தில் 208-ஆம் பிரிவு ஊழியர், அவருடைய கணவன் அல்லது மனைவி, வயதுக்கு வராத பிள்ளை ஆகியோரின் பண நலனைச் சொல்கிறது. அப்புறம் தொழில் பங்காளி, அவர் நிர்வாகியாகவோ ஊழியராகவோ இருக்கும் அமைப்பு, அவர் வேலைக்குப் பேசிக்கொண்டிருக்கும் நிறுவனம். தங்கையும் இல்லை, தங்கை கணவரும் இல்லை. இந்தியாவின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளிலும் (1964) மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், முழுக்கச் சார்ந்து வாழும் உறவினர் என்ற அளவில்தான் குடும்பம் நிற்கிறது.

ஆனால் சட்டம் அங்கே நின்றுவிடவில்லை. அதே அமெரிக்காவில் நிர்வாகத் துறை ஊழியர்களுக்கான ஒழுக்க விதிகள் தனியாக இருக்கின்றன. நெருங்கிப் பழகும் எந்த உறவினரானாலும், விவரம் தெரிந்த ஒரு நியாயமான மனிதர் இந்த ஊழியரின் நடுநிலைமையைச் சந்தேகிப்பாரா என்று அங்கே கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணையில் 24-ஆம் பிரிவு உறவுப் பட்டியல் எதுவும் போடவில்லை. 'பணம் சார்ந்த, பொருளாதாரம் சார்ந்த, அல்லது வேறு தனிப்பட்ட நலன்' என்று அகலமாகத் திறந்துவிட்டது, அதுவும் நடுநிலைமையைக் கெடுப்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றினாலே போதும்.

இந்தியாவின் மத்திய பொதுப்பணித் துறை டெண்டர் படிவம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. தன் நெருங்கிய உறவினர் கணக்காளராகவோ இளநிலைப் பொறியாளர் முதல் கண்காணிப்புப் பொறியாளர் வரையிலான பதவியிலோ இருக்கும் பணி வட்டத்தில் (சர்க்கிள்) ஒப்பந்ததாரர் டெண்டரே போடக்கூடாது. அந்த உறவினர் பட்டியலில் தாத்தா பாட்டி, பேரன் பேத்தி, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள், இவர்கள் எல்லோருக்கும் இணையான சம்பந்த வழி உறவுகள் என்று எல்லாம் வரும். உங்கள் மைத்துனர் அதில் தாராளமாக உட்காருவார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 'விதியில் இல்லை' என்று சொல்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு விதியைத்தான் பார்த்திருப்பார். நடத்தை விதி, டெண்டர் படிவத்தின் நிபந்தனை, கொள்முதல் சட்டம், இந்த மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்.

கல்தச்சன் எழுதியது:

நான் ஒப்பந்தக்காரர் பக்கத்து ஆள். மாற்றுக் கருத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

சின்ன இடங்களில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. ஒவ்வொருவரும் விலகிக்கொண்டே போனால் மதிப்பீடு செய்ய ஆள் எங்கிருந்து வரும்? பம்பு பற்றி விவரம் தெரிந்தவர் இவர் ஒருவராகவே இருக்கலாம். இவர் போய், பம்பே பார்த்திராத ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்தால் யாருக்கு லாபம்? கடைசியில் தவறு நடந்ததா, அரசுக்கு நஷ்டம் வந்ததா என்று பார்த்தால் போதாதா? நேர்மையான மனிதரையும் திருடனையும் ஏன் ஒரே மாதிரி நடத்த வேண்டும்?

வைகறை எழுதியது:

கல்தச்சன், நீங்கள் கேட்ட அதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டிக்சன்-யேட்ஸ் வழக்கு என்பார்கள். தீர்ப்பு 1961-இல் வந்தது. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இந்த இழைக்கு அப்படியே பொருந்தும்.

ஒரு மின் நிலையம் கட்ட அரசுக்கும் ஒரு தனியார் நிறுவனத்துக்கும் 1954-இல் ஒப்பந்தம். பேச்சுவார்த்தை நடந்த காலத்தில் வென்செல் என்பவர் அரசின் வரவு செலவுத் துறைக்குப் பகுதி நேர ஆலோசகராக இருந்தார். சம்பளம் கிடையாது. ஆனால் அவர் ஃபர்ஸ்ட் பாஸ்டன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் துணைத் தலைவர். அந்தத் திட்டத்துக்குக் கடன் திரட்டித் தரும் வேலை அதே நிறுவனத்துக்குப் போகும் வாய்ப்பு இருந்தது, பின்னால் போகவும் செய்தது. இந்த வேலைக்குக் கட்டணமே வேண்டாம் என்று அந்த நிறுவனம் பிறகு சொல்லியும் பார்த்தது.

1955-இல் அரசு ஒப்பந்தத்தைக் கைவிட்டது. நிறுவனம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் 18 லட்சம் டாலருக்கும் மேல் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஒரு காசும் இல்லை, இந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி கேட்கவே முடியாது என்றது. வென்செல் ஊழல் செய்தாரா, அரசுக்கு நஷ்டமா என்பதை நிரூபிக்கத் தேவையில்லை, சபலத்துக்கு இடம் தரும் நிலைமையையே சட்டம் தடுக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

மேசைவிளக்கு கவனிக்க வேண்டியது இன்னொன்று. வென்செல் யார், எங்கே வேலை செய்கிறார் என்பது மேலதிகாரிகளுக்குத் தெரியும், தெரிந்தேதான் வைத்துக்கொண்டார்கள் என்றும் வாதம் வந்தது. அதுவும் எடுபடவில்லை. அவருக்கு விலக்குக் கொடுக்கும் அதிகாரம் அந்த மேலதிகாரிகளுக்குச் சட்டப்படி இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'மேலதிகாரிக்குத் தெரியும்' என்பதை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் இந்த ஒரு வரியைத் திரும்பப் படிக்க வேண்டும்.

இன்னொரு வழக்கு லிதுவேனியாவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2015-இல் தீர்த்தது. டெண்டரில் வென்ற நிறுவனம் தன் நிபுணர்கள் என்று காட்டியவர்களும், மதிப்பீடு செய்த நிபுணர்களும் ஒரே பல்கலைக்கழகத்தில் சக ஊழியர்கள். தோற்ற நிறுவனம் பாரபட்சத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகத்துக்கு இடம் தரும் புறச் சான்றுகளைக் காட்டினால் போதும், உண்மை என்னவென்று ஆராய்வது கொள்முதல் செய்த அரசு அமைப்பின் கடமை என்றது நீதிமன்றம்.

ஆக நேர்மையானவரையும் திருடனையும் ஒரே மாதிரி நடத்துவதாக நினைக்க வேண்டாம். உள்ளே யார் என்ன நினைத்தார் என்பதை வெளியில் இருப்பவர் பார்க்கவே முடியாது. அதனால்தான் நிலைமையைப் பார்க்கிறார்கள்.

கல்தச்சன் எழுதியது:

படித்தேன். ஏற்க வேண்டியதை ஏற்கிறேன். ஆனால் என் அனுபவம் ஒன்று இருக்கிறது. ஒரு அலுவலகத்துக்கு ஆரம்ப ஆய்வு அறிக்கை செய்து கொடுத்தேன். பிறகு வேலைக்கு டெண்டர் வந்தபோது, "அறிக்கை செய்தவர் போடக்கூடாது" என்று என் உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். என்னிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. இதுவும் நலன் முரண் என்ற பெயரில்தான் நடந்தது.

வைகறை எழுதியது:

அது வலிக்கத்தான் செய்யும். உங்கள் ஆட்சேபத்தில் நியாயமும் இருக்கிறது. ஃபேப்ரிகாம் என்ற பெல்ஜிய நிறுவனம் இதைத்தான் ஐரோப்பிய நீதிமன்றத்தில் கேட்டது. முன்தயாரிப்பு வேலை செய்தவருக்குக் கூடுதல் தகவல் கிடைத்திருக்கலாம், தனக்குச் சாதகமாக நிபந்தனைகளை வளைத்திருக்கலாம் என்ற பயம் நியாயம்தான், ஆனால் தன் அனுபவம் போட்டியைக் கெடுக்கவில்லை என்று காட்ட அவருக்கு ஒரு வாய்ப்பும் கொடுக்காமல் ஒதுக்குவது தவறு என்று 2005-இல் தீர்ப்பு வந்தது. உலக வங்கிப் பணத்தில் நடக்கும் வேலைகளில் விதி இதைவிடக் கடுமை: வடிவமைப்பும் விவரக்குறிப்பும் தயாரித்த ஆலோசகர், அதிலிருந்து பிறக்கும் பொருள் கொள்முதலிலோ கட்டுமானத்திலோ இறங்க முடியாது. எந்த விதியின் கீழ் உங்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்.

தூறல் எழுதியது:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. பங்குச் சந்தையில் ஒரு கம்பெனியின் பங்கு கொஞ்சம் வைத்திருக்கிறேன். அந்தக் கம்பெனி எங்கள் அலுவலகத்தில் டெண்டர் போட்டால்?

செங்காந்தள் எழுதியது:

உங்கள் நாட்டு வரம்பைப் பாருங்கள். அமெரிக்காவில் சந்தையில் விற்பனையாகும் பங்கு மதிப்பு 15,000 டாலருக்குள் இருந்தால், அந்த நிறுவனம் நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயத்தில்கூட விலக வேண்டியதில்லை. மனைவி, சிறு பிள்ளைகள் பெயரில் இருப்பதையும் சேர்த்தே கணக்கு. உங்களுக்கு வரம்பு எதுவும் எழுதியிருக்கவில்லை என்றால் சொல்லிவிடுவதே நல்லது.

நடைபாதை எழுதியது:

எல்லோரும் உறவைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்து மிகப் பெரிய சேதம் வேலை ஆசையில் வந்தது. அமெரிக்க விமானப்படையின் கொள்முதலில் மிக உயர்ந்த இடத்தில் இருந்த டார்லீன் ட்ரூயன், 2,000 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பேரத்தை, வானிலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் விமானங்களுக்காக, போயிங் நிறுவனத்துடன் பேசிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் அதே போயிங்கில் தனக்கு வேலையும் பேசினார். அந்தப் பேச்சு நடந்தது 2002 அக்டோபரில். போயிங் சம்பந்தப்பட்ட வேலைகளிலிருந்து ஒதுங்குவதாகக் கடிதம் கொடுத்தது நவம்பரில். மகளும் மருமகனும் ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்தார்கள். 2004-இல் அவருக்கு ஒன்பது மாதச் சிறை. வேலை பேசிய போயிங் நிதித் தலைவருக்கு நான்கு மாதம். 2006-இல் நிறுவனம் 61.5 கோடி டாலர் கட்டி அரசுடன் தீர்த்துக்கொண்டது.

தணிக்கையர் ஐயா தேதி என்று சொன்னது இதுதான். கடிதம் கொடுத்தார், ஆனால் பேச்சு முடிந்தபிறகு கொடுத்தார்.

மேசைவிளக்கு எழுதியது:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. இதையெல்லாம் படித்தபிறகு நான் எழுதிய விவரக்குறிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதில் 14-ஆவது பிரிவு இப்படி இருக்கிறது: 'விண்ணப்பிக்கும் நிறுவனம் இதே தயாரிப்பாளரின் பம்புகளைத் தொடர்ந்து ஐந்து வருடம் பராமரித்த அனுபவம் பெற்றிருக்க வேண்டும்.' எழுதும்போது சாதாரண நிபந்தனையாகத்தான் தெரிந்தது. பழைய பம்புகள், தெரிந்தவர்கள் வரட்டும் என்று நினைத்தேன். இப்போது பட்டியலை வைத்துப் பார்த்தால், ஆவணம் வாங்கிய ஏழு பேரில் இரண்டு பேருக்குத்தான் அந்த அனுபவம் இருக்கிறது. அதில் ஒன்று என் மைத்துனர் சேர்ந்த நிறுவனம்.

நான் எழுதிய நாளில் அவர் அங்கே இல்லை, சத்தியமாக. ஆனால் இதை யார் நம்புவார்கள்? கை நடுங்குகிறது.

பழைய_தணிக்கையர் எழுதியது:

நம்புவார்களா என்ற கேள்வியை விடுங்கள். நம்ப வேண்டிய அவசியமே யாருக்கும் வராதபடி செய்யுங்கள். அந்த 14-ஆவது பிரிவையும் கடிதத்தில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். குழுவிலிருந்து விலகினால் மட்டும் போதாது, ஏனென்றால் உங்கள் கை ஏற்கெனவே ஆவணத்துக்குள் இருக்கிறது. வேறொரு பொறியாளர் அந்த நிபந்தனையைப் பார்க்கட்டும். ஒரே தயாரிப்பாளர் என்பதற்குப் பதிலாக அதே திறன் கொண்ட பம்புகள் என்று இருந்தால் வேலை கெடுமா என்று அவர் சொல்லட்டும். மாற்றினால் ஏழு பேருக்கும் ஒரே நாளில் திருத்த அறிவிப்பு போக வேண்டும், கடைசித் தேதியையும் நீட்ட வேண்டும்.

இன்னொன்று. பலரும் விலகல் என்றால் உறையைத் திறக்கும் அறையில் இல்லாமல் இருப்பது என்று நினைக்கிறார்கள். நான் பார்த்த கோப்புகளில் பணம் கசிந்தது பெரும்பாலும் வேலை உத்தரவு போனபிறகுதான். செய்யாத வேலைக்கு அளவு எழுதுவது, தாமதத்துக்கு அபராதம் தள்ளுபடி, கால நீட்டிப்பு, 'கூடுதல் வேலை' என்று ஒரு துணை உத்தரவு, பில்லை வரிசையில் முன்னால் நகர்த்துவது. டெண்டர் நாளன்று வெளியே நின்றவர், ஆறு மாதம் கழித்துப் பில்லில் கையெழுத்துப் போட்டிருப்பார். எனவே மூன்று வருடத்துக்கும் சேர்த்து விலகுங்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் அதை ஒப்படைக்கவும் கூடாது. உங்கள் பணி மதிப்பீட்டை எழுதும் அளவுக்கு மேலே இருப்பவரோ, வேறு பிரிவுக்காரரோ பார்க்க வேண்டும். கோப்பு கணினியில் இருந்தால் உங்களுக்கு அது திறக்காதபடி செய்யச் சொல்லுங்கள்.

கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

'பம்பு பராமரிப்பு டெண்டருக்கு ஆவணம் வாங்கியுள்ள இன்ன நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர் என் தங்கையின் கணவர். இது எனக்கு இன்ன தேதியில் தெரியவந்தது. அந்த டெண்டரின் தொழில்நுட்ப விவரங்களை இன்ன தேதியில் நான் தயாரித்தேன். அவற்றில் 14-ஆவது பிரிவு போட்டியாளர்களின் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடும் என்பதால் வேறொருவர் மறுபார்வை செய்ய வேண்டுகிறேன். மதிப்பீட்டுக் குழுவிலிருந்தும், இந்த ஒப்பந்தம் முடியும்வரை அது தொடர்பான எல்லாப் பணிகளிலிருந்தும் என்னை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

தங்கை மேல் பாசம், நான் நேர்மையானவன் என்ற வாக்கியமெல்லாம் வேண்டாம். அவை இருந்தால் படிப்பவருக்குச் சந்தேகம் கூடும்.

தூறல் எழுதியது:

அரசு ஊழியரே நிறுவனம் வைத்து டெண்டர் போட்டால்? எங்கள் பக்கம் மனைவி பெயரில் நடத்துகிறார்கள்.

செங்காந்தள் எழுதியது:

பல நாடுகளில் அந்தக் கதவே மூடியிருக்கிறது. அமெரிக்கக் கொள்முதல் ஒழுங்குமுறையில், அரசு ஊழியருக்கோ, அவர்கள் சொந்தமாக வைத்திருக்கும் அல்லது கட்டுப்படுத்தும் நிறுவனத்துக்கோ தெரிந்தே ஒப்பந்தம் கொடுக்கக்கூடாது. மிக அவசியமான காரணம் இருந்தால்தான் விதிவிலக்கு. தென்னாப்பிரிக்காவின் 2016-ஆம் ஆண்டுப் பொதுச் சேவை விதிமுறைகளும் ஊழியர் அரசு அமைப்புகளோடு வியாபாரம் செய்வதைத் தடுக்கின்றன, அப்படிச் செய்யும் நிறுவனத்தில் இயக்குநராக இருப்பதையும்தான். இந்தியாவில் சட்டப்படி தடை உள்ள அரசு ஊழியர் வியாபாரத்தில் ஈடுபட்டால் பாரதிய நியாய சம்ஹிதாவின் 202-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் 168-ஆக இருந்த பிரிவு இது.

மனைவி பெயரில் நடத்துவதைப் பற்றி: பெயர் யாருடையது என்பதோடு பணம் யார் கணக்குக்குப் போகிறது, முடிவை யார் எடுக்கிறார் என்பதையும் பார்ப்பார்கள். மனைவி உண்மையிலேயே தன் உழைப்பில் தொழில் செய்பவராக இருந்தால் அவர் உரிமையைக் கெடுக்கவும் கூடாது. கணவர் இல்லாத துறையில் அவர் தாராளமாகப் போட்டியிடட்டும், கணவர் தன் அலுவலகத்தில் அறிவித்துவிடட்டும்.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஐக்கிய நாடுகளின் ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை (2003) 9-ஆம் பிரிவில், கொள்முதல் பணியில் இருப்பவர்கள் குறிப்பிட்ட டெண்டர்களில் தங்கள் நலனை அறிவிக்கும் முறையைப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனில் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய கொள்முதல் சட்டத்தில், டெண்டர் அறிவிப்பு வெளியிடும் முன்பே நலன் முரண் மதிப்பீட்டைத் தயாரிக்க வேண்டும். இந்த ஏற்பாடு இங்கே இருந்திருந்தால் மேசைவிளக்கு தனியாக உட்கார்ந்து தவிக்க வேண்டியிருந்திருக்காது. எழுதித் தரச் சொல்லி அலுவலகமே கேட்டிருக்கும்.

மேசைவிளக்கு எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியது என் கடமை.

தணிக்கையர் ஐயா எழுதித் தந்த வடிவில்தான் கொடுத்தேன். மேலதிகாரி தாளை இரண்டு முறை படித்தார். "நான் சொன்னதைக் கேட்கவில்லையே" என்றார், கோபமாக இல்லை. பிறகு ஓரத்தில் 'பார்த்தேன், மேலே அனுப்புக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் என்னைக் குழுவிலிருந்து எடுத்து உத்தரவு வந்தது. என் இடத்துக்கு வேறு பிரிவிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். 14-ஆவது பிரிவில் 'இதே தயாரிப்பாளரின்' என்பதை 'இதே திறன் கொண்ட' என்று மாற்றி, பத்து நாள் நீட்டித்து, ஏழு பேருக்கும் அறிவிப்புப் போனது. மொத்தம் ஐந்து பேர் டெண்டர் போட்டதாகக் கேள்வி. மைத்துனர் நிறுவனமும் போட்டிருக்கிறது, அவர்களை யாரும் ஒதுக்கவில்லை. யாருக்குக் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அந்தக் கோப்பின் எண்ணைத் தட்டினால் எனக்கு இப்போது திறப்பதில்லை.

தங்கையிடம் கடிதம் கொடுப்பதற்கு முந்தின இரவே சொன்னேன். இரண்டு வாரம் பேசவில்லை. நேற்று அவளே கூப்பிட்டாள். அரைமணி நேரம் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

கல்தச்சன் அண்ணாவுக்குத் தனியாக நன்றி. நீங்கள் எதிர்த்துக் கேட்டதால்தான் வைகறை அந்த வழக்கை எழுதினார், அதைப் படித்தபிறகுதான் எனக்குத் துணிவு வந்தது.

பழைய_தணிக்கையர் எழுதியது:

நல்லது தம்பி. கடிதம் பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு ஒப்புகை வாங்கினீர்களா? அதன் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

மேசைவிளக்கு எழுதியது:

வாங்கினேன் ஐயா. ஆனால் வீட்டில் நகல் இல்லை. நாளைக்கே எடுத்து வைக்கிறேன்.